காற்றழுத்திக்கு எந்த எண்ணெய்?

திருச்செங்கோட்டுப் பக்கம் சென்றவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் மண்ணுக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறை. அதை உடைக்கும் சம்மட்டியை இயக்குவது அழுத்தப்பட்ட காற்று. பாறைத் தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அதுவே. இக்காற்றைத் தருவது காற்றழுத்தி, அதாவது கம்ப்ரசர். பாதித் துளையில் அது நின்றுவிட்டால் வண்டிக்காரருக்கும் நட்டம், கடன் வாங்கித் தண்ணீர் தேடும் உழவருக்கும் நட்டம். அது பழுதாவதற்கான காரணங்களுள் பொருந்தாத எண்ணெயும் ஒன்று.

சைக்கிள் பம்பால் காற்றடித்ததும் அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் வெப்பம் உண்டாகும் என்பதே காரணம். கோடையில் 40° செ. வெப்பமுள்ள காற்றை, வெப்பம் சிறிதும் வெளியேறாமல் எட்டு மடங்கு அழுத்தத்திற்கு உயர்த்தினால், கணக்குப்படி அது ஏறக்குறைய 290° செ. அளவுக்குச் சூடாகும். பிஸ்டன் வகைக் காற்றழுத்தியில் குளிர்விக்கும் அமைப்புகள் இவ்வெப்பத்தைக் குறைக்கின்றன. ஆயினும் காற்று வெளியேறும் வால்வில் சூடு மிகுதி. தரங்குறைந்த எண்ணெய் அங்கே கருகிக் கரியாகப் படியும். படிந்த கரி வால்வை மூடவிடாது. சில சமயம் தீப்பற்றவும் கூடும்.

ரிக் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் திருகு வகை. இதில் இரண்டு திருகுகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்கின்றன. இவற்றின் நடுவே பீய்ச்சப்படும் எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, இடைவெளியை அடைத்துக் காற்றுக் கசிவைத் தடுக்கிறது, வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது. பின்னர் அது காற்றிலிருந்து பிரிந்து, குளிர்ந்து, மீண்டும் உள்ளே செல்கிறது.

எண்ணெய் டப்பாவின் மீது 'ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 46' என்று எழுதியிருப்பார்கள். 46 என்பது என்ன? 40° செ. வெப்பநிலையில் அவ்வெண்ணெயின் பாகுநிலை சுமார் 46 சென்டிஸ்டோக் என்பது அதன் பொருள். 20° செ. தண்ணீருக்கு இது ஏறத்தாழ 1 ஆகும். சூடு ஏறினால் எண்ணெய் இளகும். 46 எண் கொண்ட சாதாரண கனிம எண்ணெய் 100° செ. வெப்பநிலையில் சுமார் 7 ஆகிவிடும். மிகவும் இளகினால் உலோகத்தோடு உலோகம் உரசும். மிகவும் கெட்டியானால் இயந்திரத்தின் ஆற்றல் வீணாகும். ஆகவே திருகு வகைக்கு 32 முதல் 68 வரையிலும், பிஸ்டன் வகைக்கு 68 முதல் 150 வரையிலும் உள்ள எண்கள் வழக்கமாகப் பயன்படுகின்றன. இவற்றுள் எது என்பதை இயந்திரத்தின் கையேடே சொல்லும்.

லாரி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் என்ன? அதில் புகைக்கரியை மிதக்க வைக்கும் கழுவுபொருள்கள் உண்டு. எஞ்சினுக்கு அது நல்லது. ஆனால், காற்றில் நீராவி இருக்கிறதல்லவா? 30° செ. வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீர் இருக்கும். அழுத்திக் குளிரவைத்தால் அதில் பெரும்பகுதி தண்ணீராக இறங்கிவிடும். நல்ல காற்றழுத்தி எண்ணெய் இத்தண்ணீரைப் பிரித்து அடியில் விட்டுவிடும். கழுவுபொருள் கலந்த எண்ணெயோ அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மோர்போல் வெளுக்கும், நுரைக்கும். தாங்கிகள் துருப்பிடிக்கும். எனவே கையேடு அனுமதித்தாலன்றி எஞ்சின் எண்ணெய் வேண்டாம்.

எண்ணெய்க்கும் ஆயுள் உண்டு. வெப்பம் 10° செ. கூடினால் ஆக்சிஜனேற்றம் ஏறத்தாழ இரு மடங்காகும். 90° செ. வெப்பத்தில் 2,000 மணி உழைக்கும் எண்ணெய், 100° செ. வெப்பத்தில் 1,000 மணியே உழைக்கும். புழுதி படிந்து குளிர்விப்பான் அடைபட்டால் எவ்வளவு நட்டம் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

கனிம எண்ணெயோடு செயற்கை எண்ணெயைக் கண்டபடி கலக்காதீர்கள்; பாலிகிளைக்கால் போன்ற சில வகைகள் கலந்தால் களிபோல் திரளும். துளைக்குள் இயங்கும் சம்மட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு; அதுவும் இதுவும் வேறு.

காலையில் இயந்திரத்தை ஓட்டுமுன் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். அழுத்தம் முழுதும் இறங்கி, எண்ணெய் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தோடு திறந்தால், கொதிக்கும் எண்ணெய் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.