எண்ணெய்க் கிணறுகளிற் பிசுக்குமையை அளத்தல்: கம்பியில்லா உணரிகளின் பயனும் எல்லையும்

நிலத்தடி எண்ணெய் என்றவுடன் பூமியைப் பிளந்து பீறிட்டெழும் கரிய ஊற்றொன்றே பலர் மனத்தில் தோன்றும். அவ்வாறு தன் சொந்த அமுக்கத்தால் எண்ணெய் மேலெழும் காலம் ஒரு கிணற்றின் வாழ்நாளிற் சிறு பகுதியே. அமுக்கம் தணிந்தபின் ஒரு கிணற்றினூடே நீரைச் செலுத்தி, அந்நீர் தள்ளிவரும் எண்ணெயை வேறொரு கிணற்றினாற் பெறுதல் உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறையாகும். இவ்வாறு செய்த பின்னரும் பாறையிலிருந்த எண்ணெயிற் பாதிக்கு மேற்பட்டது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றது. அதற்குரிய காரணங்களுள் முதன்மையான ஒன்று, தள்ளும் பாய்பொருளினதும் தள்ளப்படும் பாய்பொருளினதும் பிசுக்குமை ஒவ்வாமையாகும். பாகுநிலை என்றும் வழங்கும் இவ்வியல்பைக் கிணற்றருகிலேயே, இடையறாது, கம்பித் தொடர்பின்றி அளக்க எழுந்துள்ள முயற்சிகளையும், அவை தரும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எண்ணெய் தங்கியிருப்பது நிலத்தடிக் குளமொன்றில் அன்று. மணற்கல் போன்ற பாறைகளின் நுண்டுளைகளிலாகும். பிரான்சின் டிஜோன் நகர நீர்வழங்கலை மேற்கொண்ட ஹென்றி டாசி, மணற்படையொன்றினூடு நீர் பாயும் வீதம் அதனைத் தள்ளும் அமுக்க வேறுபாட்டுக்கு நேர்விகிதசமமானது என 1856இல் வெளியிட்டார். அவ்வீதம் பாய்பொருளின் பிசுக்குமைக்கு நேர்மாறு விகிதசமமானது என்பது அவ்விதியின் விரிவாகும். ஆகவே, தடித்த எண்ணெயை மெல்லிய நீர் தள்ளுமிடத்து, நீர் எண்ணெயை முந்திச்செல்ல முயல்கின்றது. இரண்டுக்கும் இடையேயுள்ள எல்லை நேர்கோடாக நில்லாது விரல் விரலாகப் பிளவுறுவதை, நெருங்கிய இரு தகடுகளுக்கிடையே பாய்பொருள்களைச் செலுத்தி, சாவ்மனும் ஜெப்ரி டெயிலரும் 1958இல் விளக்கினர். அவ்விரல்களுள் ஒன்று உற்பத்திக் கிணற்றை எட்டியதும், பின்வரும் நீர் அவ்வழியே எளிதாக ஓடிவிடும். இருமருங்கிலும் எண்ணெய் அசையாது நிற்கும்.

சீனாவின் வடகிழக்கேயுள்ள டாச்சிங் எண்ணெய் வயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1959இற் கண்டுபிடிக்கப்பட்ட இவ்வயலின் பாறைவெப்பநிலை ஏறத்தாழ 45 பாகை செல்சியசு. அவ்வெப்பநிலையில் நீரின் பிசுக்குமை 0.6 மில்லிபசுக்கால் செக்கன். அங்குள்ள எண்ணெயினது ஏறத்தாழ 9. அதாவது எண்ணெய் நீரிலும் பதினைந்து மடங்கு தடித்தது. எண்ணெயை மெல்லியதாக்க இயலாவிடின் நீரைத் தடிப்பாக்கலாமன்றோ? அங்கு 1996 முதல் கைத்தொழில் அளவில் நடைபெறுவது இதுவே. பகுதி நீர்ப்பகுப்புற்ற பொலியக்கிரிலமைட்டு எனும் பல்பகுதியத்தை இலீற்றருக்கு ஒரு கிராம் அளவிற் கரைத்தாலே, உவர்ப்புக் குறைந்த நீர் சில பத்து மடங்கு தடித்துவிடும். இராசத்தானின் பார்மேர் மாவட்டத்திலுள்ள மங்களா வயலிலும் இம்முறை பெருமளவிற் கையாளப்படுகின்றது.

இப்பல்பகுதியத்தின் ஆற்றல் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியின் நீளத்திலேயே தங்கியுள்ளது. சங்கிலி அறுந்தால் ஆற்றலும் போயிற்று. ஒடுங்கிய வால்வினூடு விசையுடன் பாயும்போது அது அறும். நீரிற் கரைந்த இரும்பு அயன்களும் ஒட்சிசனும் ஒருங்கே கூடினாலும் அறும். உவர்த்தன்மை மிகுந்தால் சங்கிலி அறாமலே சுருண்டு ஆற்றல் குன்றும். கலவைத் தொட்டியில் 40 எனக் காட்டிய கரைசல், கிணற்றடியைத் தாண்டுகையில் 15 ஆகிவிட்டிருந்தால், வாங்கிய பல்பகுதியத்தின் விலையிற் பெரும்பகுதி வீணாயிற்று என்பது மட்டுமன்று. நீர்விரல்கள் மீண்டுந் தோன்றிப் பாறையினூடு வழி சமைத்துவிடும். அவ்வழியைப் பின்னர் அடைப்பது எளிதன்று.

மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் அளந்தாற் போதாதா என வாசகர் கேட்கலாம். பனம்பாணி காய்ச்சுவோர் துளியொன்றை அகப்பையில் எடுத்து விரல்களுக்கிடையே நூலிழுத்துப் பதம் பார்ப்பதை நாம் அறிவோம். அத்துளி அதற்குள் ஆறியிருக்கும். எனவே அவர்கள் அறிவது அடுப்பிலுள்ள பாணியின் தடிப்பையன்று, ஆறிய பாணியின் தடிப்பையே. நீண்ட பழக்கத்தால் அவர்கள் அவ்வேறுபாட்டை ஈடுசெய்து கொள்கின்றனர். எண்ணெய் வயலில் நிகழ்வதோ இதனிலும் மோசமானது. உயர் அமுக்கக் குழாயிலிருந்து சிறு வால்வு வழியே மாதிரியைத் திறக்கும் அக்கணமே சங்கிலிகள் பல அறுகின்றன. குப்பிக்குள் வளி புகுந்தால் ஒட்சிசன் எஞ்சியவற்றைத் தாக்குகின்றது. கரைசல் கெட்டது கிணற்றிலா, குப்பியிலா என்பதைப் பிரித்தறிய முடிவதில்லை. மாதிரியை மெதுவாக அமுக்கமிறக்கி, வளிபடாது எடுக்கும் முறைகள் உண்டு. அவற்றை ஒவ்வொரு கிணற்றிலும் நாள்தோறும் நிறைவேற்றுவோர் அரியர். அளவியை ஓட்டத்தினுள்ளேயே பொருத்தவேண்டிய தேவை இங்கேதான் எழுகின்றது.

அளவிகளுட் பெருவழக்கானவை அதிர்வனவாகும். இசைக்கவை வடிவான உலோகத் துண்டையோ இழுத்துக்கட்டிய கம்பியையோ பாய்பொருளினுள் அதிரச் செய்தால், அதிர்வு எவ்வளவு விரைவில் தணிகின்றது என்பதிலிருந்து பிசுக்குமை பெறப்படும். இதன் மிகச் சிறிய வடிவம் படிகத் தகடாகும். மின்னழுத்தம் ஏற்றப்படும் குவாட்சுத் தகட்டின் இரு முகங்களும் எதிரெதிர்த் திசைகளில் வழுக்கி அதிர்கின்றன. அதன் ஒரு முகம் திரவத்தைத் தொடுகையில் மீடிறன் குறையும் அளவு, திரவத்தின் அடர்த்தி, பிசுக்குமை ஆகியவற்றின் பெருக்கத்தினது வர்க்கமூலத்துக்கு விகிதசமமானது எனக் கனசாவாவும் கோர்டனும் 1985இற் காட்டினர். செக்கனுக்கு 50 இலட்சம் முறை அதிரும் தகட்டை நீர் தொட்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 700 அதிர்வுகள் குறையும். தகட்டின்மேல் மெழுகு படிந்தாலும் மீடிறன் குறையுமாதலால், மீடிறனை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். இறுகிய மென்படலம் மீடிறனை மாற்றுமேயன்றித் தணிவை அதிகம் மாற்றாது. பிசுக்குள்ள திரவமோ இரண்டையும் மாற்றும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே அளத்தல் வேண்டும்.

விளம்பரத் தாள்கள் இத்தகைய உணரிகளின் சிறுமையையும் விரைவையும் போற்றுகின்றன. பல்பகுதியக் கரைசலைப் பொறுத்தவரை அவ்விரைவே குறையாகும் என்பது எமது கருத்து. மேற்கூறிய தகட்டின் அசைவு நீரினுள் எட்டும் ஆழம் ஒரு மைக்கிரோமீற்றரின் காற்பங்கு மட்டுமே. மேலும், நீண்ட சங்கிலிகள் விரிந்து சுருங்க மில்லிசெக்கன்களோ அதற்கு மேலோ தேவைப்பட, தகடு தன் திசையை மைக்கிரோசெக்கனுக்குட் பன்முறை மாற்றிவிடுகின்றது. சங்கிலிகள் அவ்வசைவுக்கு ஈடுகொடுக்க இயலா. தகடு உணர்வது பெரும்பாலும் அவற்றைச் சூழ்ந்த நீரையே. நன்கு தடித்த கரைசலிலும் நீரினதற்கு அண்மையான எண்ணை அது காட்டக்கூடும். தெளிந்த கனிய எண்ணெய்க்கோ அதே தகடு சரியான விடை தரும்.

இங்குப் பிசுக்குமை என்பது தனியொரு எண்ணா என்னும் வினா எழுகின்றது. நீருக்கு ஆம், பல்பகுதியக் கரைசலுக்கு அன்று. அடுத்தடுத்த திரவப் படைகள் ஒன்றன்மேலொன்று வழுக்கும் வீதத்தைக் கொய்வு வீதம் என்போம். அது கூடக்கூட இக்கரைசல் மெலியும். குறைந்தால் மீளவும் தடிக்கும். சங்கிலி அறுவதனால் உண்டாகும் மெலிவோ மீளாதது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது கணக்கையெல்லாம் குழப்பிவிடும். நாளொன்றுக்கு 100 கனமீற்றர் கரைசல், 10 மீற்றர் தடிப்புள்ள படையொன்றினுட் செலுத்தப்படுவதாகக் கொள்வோம். கிணற்றச்சிலிருந்து 10 சென்றிமீற்றர் தொலைவில், ஓரலகுப் பரப்பினூடான பாய்ச்சல் நாளுக்கு 16 மீற்றர். 100 மீற்றர் தொலைவில் அது 1.6 சென்றிமீற்றர். ஆயிரம் மடங்கு வேறுபாடு! எண்ணெயைத் தள்ளும் வேலை நடைபெறுவது இம்மெதுவான ஓட்டத்திலேயாகையால், செக்கனுக்கு ஏறத்தாழ 7 என்னும் கொய்வு வீதத்தில் அளப்பது ஆய்வுகூட வழக்கமாயிற்று. எவ்வீதத்தில் அளந்தது எனக் கூறாத உணரியின் எண் பொறியியலாளருக்குப் பயன்படாது.

இதனாற் கிணற்றுத் தலையில் நாம் பரிந்துரைப்பது பழைய முறையொன்றையே. பொயிசேயின் விதிப்படி, ஒடுங்கிய குழாயொன்றின் இரு முனைகளுக்கிடையேயுள்ள அமுக்க வேறுபாடும் பாய்ச்சல் வீதமும் தெரிந்தாற் பிசுக்குமை கிட்டும். விட்டம் ஒன்றுக்கொன்று இரு மடங்கான இரு குழாய்களைத் தொடராகப் பொருத்தினால், ஒரே ஓட்டம் அவற்றில் எட்டு மடங்கு வேறுபட்ட கொய்வு வீதங்களைத் தரும். அவ்வாறு பெறும் இரண்டு எண்களும் கரைசல் எவ்வாறு மெலிகின்றது என்பதையுங் காட்டும். பிரதான குழாயிலிருந்து இக்கிளைக்குக் கரைசலை இட்டுவரும் வழியே சங்கிலிகளை அறுக்காதிருத்தல் வேண்டும் என்பதை மறக்கலாகாது. அமுக்கமானிகளின் அளவீடுகளை வானொலி அலையால் அனுப்புவது இன்று இலகு. 2007இல் வெளிவந்து, 2010இற் சருவதேச நியமமான வயலெசுஹாட் முறையில், ஒவ்வொரு கருவியும் அயற்கருவியின் செய்தியை வாங்கி அப்பாற் கடத்துகின்றது. நூற்றுக்கணக்கான கிணறுகள் பரந்துகிடக்கும் வயலில் மின்வடம் புதைக்கும் செலவு இதனால் மிஞ்சுகின்றது.

கிணற்றினுட் சென்றதும் நிலைமை முற்றாக மாறுகின்றது. கடத்துதிறனுள்ள ஊடகத்தில் மின்காந்த அலை விரைவில் நலிவடையும். கடல்நீரையொத்த உவர்நீரில், செக்கனுக்கு பத்து இலட்சம் முறை அலையும் அலையின் வீச்சம் 25 சென்றிமீற்றருக்குள் ஏறத்தாழ மூன்றிலொன்றாகிவிடும். மீடிறனைச் செக்கனுக்குப் பத்தாகக் குறைத்தால் அத்தூரம் 80 மீற்றராகும். தடை கூடிய பாறையிற் சில நூறு மீற்றர் வரை செல்லும். அவ்வளவு தாழ்ந்த மீடிறனில் அனுப்பக்கூடிய செய்தியோ மிகச் சொற்பம். உருக்குக் குழாயையே ஊடகமாகக் கொண்டு ஒலியலை அனுப்புவது மற்றொரு வழி. ஏறத்தாழ பத்து மீற்றருக்கு ஒன்றாக வரும் மூட்டுக்கள் சில மீடிறன் பட்டைகளை விடுத்து, சிலவற்றை முற்றாக மறிக்கின்றன. இடையிடையே அஞ்சற் கருவிகளும் வேண்டியிருக்கும். எனினும் இக்குறை நம் தேவைக்குப் பெருந்தடையன்று. கிணற்றடியிற் பிசுக்குமை மெல்ல மாறுங் கணியமாதலின், சில மணித்தியாலங்களுக்கு ஓர் எண் கிடைத்தாலே போதும். கலவைத் தொட்டியிற் பிழை நேர்ந்தால் நிமிடங்களுக்குள் அறியவேண்டும். அத்தொட்டியோ மேற்பரப்பில் உள்ளது.

கம்பியில்லா உணரிக்குக் கடுமையான பகை வெப்பமாகும். கனடாவின் அதபாசுக்காப் பிரதேசத்து எண்ணெய்மணலிலுள்ள நிலக்கீல் 10 பாகையளவிற் பத்து இலட்சம் மில்லிபசுக்கால் செக்கனுக்கு மேற்பட்ட பிசுக்குமையுடையது. 200 பாகைக்கு மேற்பட்ட கொதிநீராவி பாய்ச்சியே அதனை ஓடச்செய்கின்றனர். தூய இலித்தியம் 180.5 பாகையில் உருகுவதால், அதனைக் கொண்ட சாதாரண மின்கலங்கள் அங்கு நில்லா. நடைமுறையில் அக்கிணறுகளில் ஒளியிழை வடங்களை இறக்கி, நெடுகிலும் வெப்பநிலையை அளந்து, அதிலிருந்து பிசுக்குமையை உய்த்தறிகின்றனர்.

மின்கலமே வேண்டாத உணரியும் உண்டு. அழுத்தமின் படிகமொன்றின் மேற்பரப்பில் வானொலித் துடிப்பை ஒலியலையாக மாற்றி, மீளவும் வானொலி எதிரொலியாக அனுப்பும் சாதனம் அது. ஒலியலை ஒளியிலும் ஏறத்தாழ ஓரிலட்சம் மடங்கு மெதுவாகச் செல்வதால், இவ்வெதிரொலி சூழலிலுள்ள பிற எதிரொலிகள் அடங்கிய பின்னரே வந்து சேரும், பிரித்தறிதல் இலகு. இலங்கசைற்று எனும் படிகம் நீராவிக் கிணற்றின் வெப்பத்தை எளிதில் தாங்கும். ஆயின் அவ்வெதிரொலி எட்டுவது சில மீற்றர் தூரமே. உவர்நீர் நிறைந்த குழாயில் அதுவுமில்லை. கிணற்றடியில் அதனை வைத்தால், வினவுங் கருவியை அதனருகே இறக்கவேண்டும், இறக்குவதோ கம்பிவடத்தில்.