சாப்பிடும்போது கையில் செல்போன்... 'ஃபப்பிங்' என்றால் என்ன? வீட்டில் இந்த விதி யாருக்கு?

இரவு 8.30 மணி. தட்டில் தோசை. வலது கை சாப்பிடுது, இடது கை ரீல்ஸை மேலே தள்ளுது. "இன்னொரு தோசை வைக்கவா?" என்று அம்மா கேட்டால், நிமிர்ந்துகூட பார்க்காமல் விரலால் ஒரு சைகை. தமிழ்நாட்டில் இந்தக் காட்சி நடக்காத வீடு குறைவு. இதற்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு பெயரே இருக்கு. அதுதான் ஃபப்பிங்.

எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

2012-ல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட சொல் இது. மக்குவாரி அகராதிக்காக மெல்போர்னில் உள்ள மெக்கேன் என்ற விளம்பர நிறுவனம் இதை உருவாக்கியது. 'ஃபோன்' என்பதையும், அலட்சியப்படுத்துவது என்று பொருள்படும் 'ஸ்னப்பிங்' என்பதையும் ஒட்டிச் செய்த வார்த்தை. அகராதி விற்பனைக்காகத் தொடங்கிய விளம்பர வேலை, கடைசியில் உலகம் முழுக்கப் பேசுகிற சொல்லாகிவிட்டது.

எதிரில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு போனைக் கவனிப்பதுதான் ஃபப்பிங். நம்ம ஊர்ல "முகம் கொடுத்துக்கூட பேசல" என்று குறை சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். என்ன, முன்னாடி கோபத்தில் இருக்கிறவங்க மட்டும்தான் முகம் கொடுக்காம இருப்பாங்க. இப்போ எந்தக் கோபமும் இல்லாமலே அது நடக்குது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2015-ல் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. குடும்பத்தோடு இரவு சாப்பிடும்போது செல்போன் பயன்படுத்துவது சரியில்லை என்று அதில் 88 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணிப்பில், கடைசியாக நாலு பேரோடு கூடியிருந்தபோது போனை எடுத்ததாக ஒப்புக்கொண்ட செல்போன்காரர்கள் 89 சதவீதம். ஆக, தப்பு என்று சொல்றவங்களும் எடுக்கிறவங்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 300-க்கும் மேற்பட்டவர்களை நண்பர்கள், குடும்பத்தினரோடு சாப்பிட அனுப்பிப் பார்த்தார்கள். சிலரிடம் போனை மேஜை மேலேயே வைத்திருக்கச் சொன்னார்கள், சிலரிடம் எடுத்து வைத்துவிடச் சொன்னார்கள். 2018-ல் முடிவு வெளியானது. மேஜையில் போன் இருந்தவர்களுக்குக் கவனம் அதிகம் சிதறியது. சேர்ந்து சாப்பிட்ட சந்தோஷமும் குறைந்தது. வித்தியாசம் மலையளவு இல்லை, ஆனால் இருந்தது.

கணவன் - மனைவி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சூடு. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 453 பேரிடம் கேட்டு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தன் துணை போனைப் பார்த்துக்கொண்டு தன்னைக் கவனிப்பதில்லை என்று சொன்னவர்கள் 46 சதவீதம். இதனாலேயே சண்டை வந்தது என்றவர்கள் 22 சதவீதத்துக்கும் மேல்.

போனைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் சும்மா இருந்தாலே பேச்சின் ஆழம் குறையும் என்று இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. அது ரொம்பப் பிரபலம், நீங்களும் வாட்ஸ்அப்பில் படித்திருக்கலாம். ஆனால் பிறகு இதே மாதிரி செய்து பார்த்த எல்லா ஆய்வுகளிலும் அதே முடிவு வரவில்லை. அதனால் "போனைக் கவிழ்த்து வெச்சாக்கூட உறவு கெட்டுடும்" என்று பயமுறுத்துகிற பதிவுகளை அப்படியே நம்பிட வேண்டாம்.

போனுக்கு ஒரு இடம் இருந்த காலம்

லேண்ட்லைன் இருந்த வீடுகளில் போன் ஹாலில் ஒரு ஸ்டூல் மேல், எம்பிராய்டரி துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். சாப்பாடு சமையலறைப் பக்கம். மணி அடித்தால் யாராவது எழுந்து போகணும். இரண்டும் ஒரே இடத்தில் சேரவே சேராது.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அன்றைக்கு வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல்தான் இன்கமிங் இலவசமானது. காசு கொடுத்துப் பேசின காலத்தில் யாரும் சாப்பாட்டுக்கு நடுவில் அரட்டை அடிக்கல. 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் போன் தட்டு பக்கத்தில், தண்ணி டம்ளர் இருக்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

விதி பிள்ளைகளுக்கு மட்டுமா?

"சாப்பிடும்போது போன் கூடாது" என்ற விதி பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கு. ஆனால் அது பத்தாவது படிக்கிற பையனுக்கும் காலேஜ் போற பொண்ணுக்கும் மட்டும். அப்பா ஆபீஸ் குரூப் பார்ப்பார், அது "வேலை". தாத்தா சத்தமாக அரசியல் வீடியோ ஓட விடுவார், அது "நியூஸ்". (நியூஸ் சேனலில் இருந்துகொண்டு இதைச் சொல்றது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் அந்த நியூஸ் 20 நிமிஷம் கழிச்சும் அங்கேயேதான் இருக்கும்.) பையன் எடுத்தால் மட்டும் "எப்பப் பாரு போன்".

இந்த மாதிரி விதி ஒரு வாரம்கூடத் தாங்காது. வீட்டில் வயதிலோ வருமானத்திலோ பெரியவர் யாரோ, அவர் போன்தான் முதலில் தள்ளிப் போகணும். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் உள்ள வட்காவ் கிராமத்தில் 2022-ல் செய்தது இதைத்தான். தினமும் இரவு 7 மணிக்கு ஊருக்கே ஒரு சைரன். அது கேட்டதும் டிவி, செல்போன் எல்லாத்தையும் அணைக்கணும். 8.30-க்கு அடுத்த சைரன். கொரோனா கால ஆன்லைன் வகுப்பில் போனுக்குப் பழகிய பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான். ஆனால் சைரன் ஊர் முழுக்க, பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நம்ம வீடுகளில் இன்னொரு சிக்கல், எல்லோரும் சேர்ந்து உட்கார்வதே இல்லை. தோசை சுடுகிறவர் கடைசியில்தான் சாப்பிடுகிறார். அவர் தட்டோடு வந்து உட்காரும்போது மற்றவர்கள் கை கழுவி, சோபாவில் ஆளுக்கொரு போனோடு செட்டில் ஆகியிருப்பார்கள். நாள் முழுக்க வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்த அம்மாவோ பாட்டியோ, அந்த 15 நிமிஷத்தையும் தனியாகத்தான் சாப்பிடுகிறார். நாம் சாப்பிடும்போது போனை எடுக்காமல் இருப்பதைவிட, அவர் சாப்பிடும்போது எடுக்காமல் பக்கத்தில் உட்கார்வது பல வீடுகளில் முக்கியம்.

வீடியோ கால் வந்தால்?

துபாயில் இருக்கிற மகன் வேலை முடித்து ரூமுக்கு வரும் 7 மணி, இங்கே 8.30. அந்த நேரத்தில்தான் வீடியோ கால் வரும். இதையும் ஃபப்பிங் கணக்கில் சேர்ப்பது அநியாயம். போனை டம்ளரில் சாய்த்து வைத்து, எல்லார் முகமும் தெரிகிற மாதிரி பேசினால் அவரும் பந்தியில் ஒரு ஆள். ஒருத்தர் மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போய்விட்டால்தான் மற்றவர்களுக்கு வருத்தம்.

குழந்தைக்கு போன் காட்டி ஊட்டுவது வேறு கதை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொன்னது. ஆனால் காலையில் 20 நிமிஷத்தில் ஊட்டி முடித்து வேலைக்கு ஓடுகிற அம்மாவிடம் போய் இதை மட்டும் ஒப்பிப்பதில் பயனில்லை. அந்த 20 நிமிஷம் ஊட்ட இன்னொரு கை வந்தால் போன் தானாகக் குறையும்.

கல்யாணப் பந்தியில்...

கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கல்யாணப் பந்திக்கு அப்படி ஒரு உத்தரவை யாரும் போட முடியாது. இலையில் பாதிச் சோறு இருக்கும், ஒருவர் "ஆங், சொல்லுங்க சார்" என்று பேசிக்கொண்டே இருப்பார். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்கு ஒரு பாட்டி நின்றுகொண்டிருப்பார். சாம்பார் வாளியோடு வருகிறவர், காலையில் இருந்து நின்று பரிமாறுகிறவர், "போடவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். போன் பேசித்தான் ஆகணும் என்றால், சாப்பிட்டு எழுந்து வெளியே போய்ப் பேசலாம்.

சாப்பிடுகிறவர்களை வீடியோ எடுப்பதும் வேண்டாம். வாயில் சோறோடு ஸ்டேட்டஸில் வர யாருக்கும் ஆசை இல்லை. தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசையில் கைகளை உயர்த்திப் படம் எடுப்பவர்கள், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு என்ன தெரிகிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். அதற்காகவே ஊர்விட்டு ஊர் வந்திருப்பார்கள்.

அப்புறம், யாராவது தன் போனில் ஒரு போட்டோ காட்டினால் அந்த ஒரு போட்டோவை மட்டும் பார்ப்பதுதான் முறை. இடது பக்கம் தள்ளி அடுத்தது, அதற்கு அடுத்தது என்று போகக் கூடாது.

துக்க வீட்டில் இன்னும் கவனம்

இங்கே விஷயம் சங்கடத்தோடு நிற்பதில்லை. வாசலிலேயே போனை சைலன்ட்டில் போட்டுவிடணும். ஒப்பாரிக்கு நடுவில் குத்துப்பாட்டு ரிங்டோன் அடித்தால், அதை அந்த வீடு ரொம்ப நாளைக்கு மறக்காது.

அதைவிட முக்கியம், ஸ்டேட்டஸ். மரணச் செய்தி தெரிந்த அடுத்த நிமிஷம் போட்டோவோடு 'ஆர்.ஐ.பி' போட்டுவிடுகிறார்கள். இறந்தவரின் மகள் வெளியூரில் பஸ் ஏறியிருப்பார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, கிளம்பி வாம்மா" என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருப்பார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பைத் திறக்கிறவர் யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் அதைத் தெரிந்துகொண்டால்? வீட்டுக்காரர்கள் அறிவிக்கும் வரை காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. உடலைப் படம் எடுப்பதும் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்காக வீடியோ காலில் காட்டணுமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு பண்ணணும்.

சரி, பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

பையனிடம் "போனை வை" என்று சொல்லிவிடலாம். மாமனாரிடம் மருமகள் அப்படிச் சொல்ல முடியுமா? சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு சாப்பாடாக இருக்காது. இந்த மாதிரி இடத்தில் நேராகச் சொல்வதைவிட இடத்தை மாற்றுவது வேலை செய்யும். இரவில் எல்லார் போனிலும் சார்ஜ் குறைவாகத்தான் இருக்கும். சார்ஜர்களை எல்லாம் சாப்பிடும் இடத்தில் இருந்து தள்ளி ஒரே பிளக் பாயின்ட்டில் வைத்து, "மாமா, உங்க போனையும் சார்ஜ்ல போட்டுடட்டுமா?" என்று கேட்டால் அது உதவி, கண்டிப்பு இல்லை. மாமனாரிடம் மகன் சொன்னால் இன்னும் சுலபம். அந்தப் பொறுப்பை மனைவி தலையில் கட்டாமல் இருந்தால் சரி.

எடுத்தே ஆகணும் என்றால் "ஒரு நிமிஷம், ஆபீஸ்ல இருந்து" என்று சொல்லிவிட்டு எடுங்க. ஒன்றும் சொல்லாமல் திடீரென்று பேச்சை அறுத்துக்கொண்டு போனைப் பார்ப்பதுதான் எதிரில் இருப்பவரைக் காயப்படுத்துகிறது.

அவசர அழைப்பு தவறிடுமே?

டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், ஈபி லைன்மேன் போன்றவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. ஊரில் வயதான அப்பா அம்மா தனியாக இருந்தாலும் அப்படித்தான். அதற்கு போனிலேயே வழி இருக்கு. செட்டிங்ஸில் 'டூ நாட் டிஸ்டர்ப்' பகுதிக்குப் போய், குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் மணி அடிக்கும்படி வைக்கலாம். அதே இடத்தில், ஒரே எண்ணில் இருந்து திரும்பத் திரும்ப வரும் அழைப்பை அனுமதிக்கும் வசதியும் உண்டு. ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 15 நிமிடத்துக்குள்ளும் அதே ஆள் இரண்டாவது முறை கூப்பிட்டால் 'டூ நாட் டிஸ்டர்ப்'பை மீறி மணி அடிக்கும். மாடலுக்கு ஏற்ப மெனுவின் பெயர் கொஞ்சம் மாறலாம்.

இதை வைத்துவிட்டு வீட்டிலும் ஆபீஸிலும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க: "ராத்திரி எட்டரையில இருந்து ஒன்பது வரைக்கும் எடுக்க மாட்டேன். அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க."