உங்களுக்குத் தெரியுமா? பள்ளியறையில் கண்ணாடி!

நெல்லை மாவட்டம் ராதாபுரம் வட்டாரத்தில், அய்யாவழி என்னும் சமய நெறியின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் கும்பிடச் சிலை கிடையாது. கருவறையான பள்ளியறையில் இருப்பது நிலைக்கண்ணாடி. கும்பிடுபவர் காண்பது தன் முகத்தையே! இறைவன் உனக்குள் இருக்கிறான் என்பது அதன் பொருள்.

● இந்நெறிக்கு வழிகாட்டியவர் அய்யா வைகுண்டர் (1809–1851). தலைமைப்பதி, குமரி மாவட்டம் சாமித்தோப்பு.

● சாமித்தோப்பு அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதியார் பெருங்கோயில்களுக்குள் நுழைய முடியாதிருந்தது. தலைப்பாகை கட்டவும் தடை. நிழல்தாங்கல்களிலோ ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வணங்க வேண்டும். வாசலிலேயே விரட்டப்பட்டவர்கள் கடவுளை நம்பியதற்கு இந்தத் தலைநிமிர்வு பெரிய காரணம் என்பேன்.

● எல்லாச் சாதியாரும் ஒரே தண்ணீரில் குளிக்க, சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு.

● வைகுண்டரைத் திருவிதாங்கூர் அரசு சிறையில் அடைத்தது. ஒடுக்கப்பட்டோருக்குக் கோயில்களைத் திறந்துவிட்ட அதே அரசின் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல்தான்.