பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் ஆராய வேண்டுவன

நமது கொங்கு நாட்டிலே மாடு வாங்குதல் ஒரு கலையாகவே கருதப்பட்டு வருகின்றது. வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சென்றோர் இதனை நன்கு அறிவர். காங்கேயம் காளையை வாங்க வந்த குடியானவர் அதன் திமிலின் எழிலையும் கொம்பின் வளைவையும் கண்ட மாத்திரத்தில் மயங்கிவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மேனியிலுள்ள சுழிகளை ஆராய்வார். நடக்கவிட்டுக் காலடி வைக்கும் முறையைக் கவனிப்பார். பின்னரே தரகரோடு துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். இத்துணை எச்சரிக்கையுள்ள மரபிலே பிறந்தவர்கள், மாட்டினும் பன்மடங்கு விலையுள்ள ஒரு மோட்டார் வண்டியை வாங்கும்போது, அதன் வண்ணத்தையும் முழக்கத்தையும் மட்டும் கண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுதல் வியப்பன்றோ?

இக்கட்டுரையை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறையாகும். நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் திருப்பூரில் சிறியதொரு பின்னலாடைத் தொழிற்சாலை நடத்தி வருகின்றார். விடுதியில் இருந்த நாளில் அவர் தம் அறைச் சுவரில் செந்நிறப் பெராரி கார் ஒன்றின் படத்தை ஒட்டி வைத்திருந்ததை நாம் அறிவோம். அண்மையில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதே வகைக் கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அஃது அமராவதி நகரில் ஒரு தோட்ட வீட்டில் நிற்பதாகவும், முன்பணமும் கொடுத்தாயிற்று என்றும், யந்திரங்களில் சிறிது பழக்கமுள்ள நாம் ஒரு முறை வந்து பார்க்க வேண்டுமென்றும் எழுதியிருந்தார். நாமும் சென்றோம். அங்கு நிகழ்ந்ததைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், இத்தகைய வண்டியை வாங்க விரும்புவோர் யாவரும் அறிய வேண்டியவற்றை ஒழுங்காக எடுத்துரைப்போம்.

முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சாதாரணக் கார் பழையதானால் அதன் விலை குறைகின்றது. பழுது பார்க்கும் செலவும் நம் கைக்கு அடங்கியதாகவே இருக்கின்றது. ஸ்போர்ட்ஸ் காரின் நிலை அவ்வாறன்று. வண்டியின் விலை பாதியாகலாம். அதன் உறுப்புக்களின் விலை ஒருபோதும் பாதியாவதில்லை. அவற்றைக் கடல் கடந்து தருவிக்க வேண்டும். பூட்டத் தெரிந்த கைகளும் சிலவே. ஆதலின் இங்கே ஒருவர் வாங்குவது இரும்பையும் தோலையும் மட்டுமன்று. அவ்வண்டி இதுகாறும் நடத்தப்பட்ட வரலாற்றையே வாங்குகின்றார். வரலாறு நல்லதாயின் வண்டி நல்லது. வரலாறு தெரியாத வண்டி எவ்வளவு மலிவாக வரினும் விலை மிகுந்ததே.

வரலாறு முதலில் ஏடுகளில் காணப்படும். இதற்கு நம் நாடு முழுதும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2002-ஆம் ஆண்டில் சச்சின் டெண்டுல்கர் டெஸ்ட் ஆட்டத்தில் தமது 29-ஆவது சதத்தை அடித்து, டான் பிராட்மனின் எண்ணிக்கையைச் சமன் செய்தார். அதைப் பாராட்டி பியட் கம்பெனியார் அவருக்குப் பெராரி 360 மொடேனா என்னும் காரைப் பரிசளித்தனர்; மைக்கேல் ஷூமாக்கர் அதை வழங்கினார். அதனை இந்தியாவுக்குக் கொணருங்கால் செலுத்த வேண்டிய சுங்கத் தீர்வை ஏறத்தாழ 1 கோடியே 13 லட்சம் ரூபாயாயிற்று. அதனைத் தள்ளுபடி செய்தது 2003-இல் பெரும் விவாதத்துக்கு இடமாகி, இறுதியில் கம்பெனியாரே தீர்வையைச் செலுத்தினர். 2011-இல் அக்கார் சூரத் நகரத்து வணிகர் ஒருவர்க்குக் கைமாறியது. ஊரறிந்த ஒருவரின் பரிசுக் காருக்கே இத்துணைக் கேள்விகள் எழுந்தனவாயின், யாரோ ஒருவர் எங்கிருந்தோ கொணர்ந்த வண்டியைக் கேள்வி கேளாமல் வாங்குதல் தகுமோ?

அயல்நாட்டிலிருந்து வந்த வண்டியாயின், சுங்கத்தில் தீர்வை செலுத்தியதற்கான இறக்குமதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். முன்பே ஓடிய காரை இறக்குமதி செய்யும்போது, அது செய்யப்பட்டு மூன்றாண்டுக்கு மேற்படாததாயும், வலப்புறம் அமர்ந்து ஓட்டுவதாயும் இருக்க வேண்டுமென்பது நம் நாட்டு விதி. ஆகவே வண்டி செய்யப்பட்ட ஆண்டையும், இந்தியாவில் முதன்முதல் பதிவான நாளையும் ஒப்பிட்டுப் பார்க்க. இடையே நீண்ட இடைவெளி காணப்படின், அதற்கு விற்பவர் தக்க விடை கூறியாக வேண்டும். இறக்குமதிக் கார்களைப் பற்றி 2013-இல் சென்னையில் மத்தியப் புலனாய்வுத் துறையார் சோதனைகள் நடத்தினர். வரி குறைவு கருதிப் புதுச்சேரியில் பொய் விலாசத்தில் பதிவு செய்த கார்களைப் பற்றிக் கேரளத்தில் 2017-இல் வழக்குகள் எழுந்தன. 2012-இல் இங்கிலாந்திலிருந்து தருவித்த ரோல்ஸ்ராய்ஸ் கார் ஒன்றின் நுழைவு வரி வழக்கு, 2021-லும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. வரிப் பாக்கி வண்டியை விட்டு எளிதில் அகலாது என்பதற்கு இவையே சான்று.

அடுத்து ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே பொறித்துள்ள எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. சேசிஸ் எண் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஒன்று மாறினும் அது வேறு வண்டி. கடன் கொடுத்த வங்கியின் பெயர் புத்தகத்தில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவத்தைப் பெறுக. வேற்று மாநிலத்து வண்டியாயின் அங்கிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். இங்கு மறுபதிவுக்கும் ஆயுள் வரிக்கும் ஆகும் தொகையை விலையோடு கூட்டிக் கணக்கிடுக. வாங்கிய பின் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்தல் வேண்டும். பெயர் மாற்றாத வண்டியால் விபத்து நேரின், பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பாளர் என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆதலின் இது விற்பவருக்கும் நன்மையே. இன்சூரன்ஸ் கம்பெனியில் அவ்வண்டியின் பேரில் நஷ்ட ஈடு பெறப்பட்டதா என்றும் விசாரிக்க.

ஏடுகள் சரியாயின் உடலைப் பார்ப்போம். விபத்துக்குட்பட்ட வண்டியின் தகட்டில் பூசிய பட்டியைக் கண்டறியச் சிலர் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பர். 360 மொடேனாவின் சட்டமும் மேற்றகடும் அலுமினியத்தால் ஆனவை. அதில் காந்தம் எவ்விடத்தும் ஒட்டாது. அலுமினியத்தின் மீதும் அளக்கவல்ல பெயின்ட் கனமானி வேண்டும். தொழிற்சாலையில் பூசிய பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் பன்மடங்கு காட்டினால் அங்கே பட்டி உண்டு என்று அறிக. பின்னர் வண்டியைத் தூக்கியில் ஏற்றி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். நம் சாலைகளின் வேகத்தடைகளில் இத்தாழ்ந்த வண்டிகள் உராய்வது இயல்பு. மேலுறை கீறியிருத்தல் சிறு குற்றம். சட்டமே வளைந்திருத்தல் பெருங்குற்றம். அலுமினியச் சட்டத்தைச் செப்பனிடுதல் எல்லாப் பட்டறையிலும் ஆகும் காரியமன்று.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருப்பினும் முதிர்ந்த ரப்பர் இறுகிவிடும். அதைக்கொண்டு வேகமாகச் செல்லுதல் உயிருக்கே ஆபத்து.

இனி எஞ்சின். 360 மொடேனாவில் இருக்கைக்குப் பின்னே 3.6 லிட்டர் அளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின் இருக்கின்றது. அதன் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. அது வண்டி ஓடிய தொலைவினால் மட்டுமன்றி, காலத்தினாலும் தேயும். மூன்றிலிருந்து ஐந்தாண்டுக்குள் மாற்றிவிடுதல் வழக்கம். மாற்றாது விட்டு அஃது அறுமாயின், பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும். 'இருபதாண்டில் எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது' என்று விற்பவர் பெருமையாகக் கூறுவர். ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் காய்கின்றது, எண்ணெய் கெடுகின்றது, பாட்டரி சாகின்றது. ஆதலால் குறைந்த தொலைவைக் காட்டிலும், ஆண்டுதோறும் சர்வீஸ் செய்த ரசீதுகளே சிறந்த சாட்சி.

அவ்வண்டியின் எப்-1 கியர் அமைப்பில் கிளட்சை அழுத்துவது காலன்று. எண்ணெய் விசைப் பம்பு. கிளட்ச் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்தே படித்தறியலாம். அக்கணக்கை எழுத்தில் பெறுக. எஞ்சினை ஒட்டியுள்ள முன் காடலிடிக் கன்வர்ட்டர்கள் உள்ளே உதிர்ந்து, அத்துகள் எஞ்சினுக்குள் இழுக்கப்படுதலும் இவ்வகையில் அறியப்பட்ட குறை. ஆதலின் சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதிக்காமல் வாங்கலாகாது. உள்ளே உள்ள பொத்தான்கள் வெப்பத்தால் பிசுபிசுத்திருத்தலும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் சிறு குறையே. போர்ஷே போன்ற கார்களில் எஞ்சினை அளவுக்கு மீறி முடுக்கிய தடவைகளும் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும். கோவையை அடுத்த செட்டிபாளையத்துக் கரி பந்தயத் தடம் போன்ற இடங்களில் ஓடிய வண்டியானால், இதைப் பார்த்தல் மிகவும் அவசியம்.

சோதனை ஓட்டத்தைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் தொடங்குக. நாம் செல்லுமுன்பே வண்டி சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால், குளிரில் எழும் புகையையும் ஓசையையும் மறைக்கவே அவ்வாறு செய்தனரோ என்று ஐயுறுவதில் தவறில்லை.

இப்போது அமராவதி நகருக்கு வருவோம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அணைக்கட்டாலும் சைனிக் பள்ளியாலும் முதலைப் பண்ணையாலும் பெயர்பெற்ற ஊர் அது. விடியற்காலையில் நாம் தோட்டத்தை அடைந்தபோது, கார் கழுவித் துடைத்து, பொன் தோய்த்தாற்போல ஒளி வீசிற்று. நம் மாணவரின் முகமும் அவ்வாறே ஒளிர்ந்தது. எஞ்சின் மூடியைத் தொட்டோம், சூடாயிருந்தது. ஏடுகளில் சென்னைப் பதிவு. சர்வீஸ் ரசீதுகளில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி. இருக்கையில் அமர்ந்து, சீட் பெல்ட்டை வழக்கமாக இழுக்கும் அளவோடு நில்லாமல், கடைசி வரை இழுத்தோம். ஒருவரும் இழுத்துப் பாராத அந்தக் கடைசி முழத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. இருக்கையின் கீழ்த் தண்டவாளத்தில் துரு. விரிப்பைத் தூக்கினால் மாவு போன்ற வண்டல். மின்கம்பி இணைப்புக்களில் பச்சை பூத்திருந்தது.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. இவ்வண்டி எந்த நீரில் நின்றதோ, நின்றது மட்டும் உறுதி. 'கழுவும்போது நீர் புகுந்திருக்கும்' என்றார் தரகர். கழுவிய நீரில் வண்டல் இராதன்றோ? வெள்ளம் புகுந்த காரில் மின்கம்பிகள் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஓடும், ஆறு மாதங் கழித்து மலைச்சாலையில் நின்றுவிடும்.

மாணவர் வெகுநேரம் பேசவில்லை. அணைக்கரை வரை நடந்து சென்ற பின், 'ஐயா, மீதித் தொகைக்கு நூல் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எடுக்க நினைத்திருந்தேன். தீபாவளிக்கு ஆட்களுக்கு போனசும் கொடுக்க வேண்டும். வண்டி ஓடினால் எப்படியோ சமாளித்துவிடலாம் என்றிருந்தேன்' என்றார். அவர் தொழிற்சாலையில் நாற்பது பேர் வேலை செய்கின்றனர். காரின் நல்வினை தீவினையில் அந்நாற்பது குடும்பங்களும் ஏறி அமர்ந்திருந்தன என்பதை அவர் அப்போதே உணர்ந்தார் போலும். பேசிப் பேசி முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது, மறுபாதி போயிற்று. அது கல்விக்குக் கொடுத்த கட்டணமென்று அவரே சொல்லிக்கொண்டார்.

இத்தகைய காரை வாங்கவே கூடாதென்பது நம் கருத்தன்று. அழகிய யந்திரத்தை விரும்புதல் குற்றமாகாது. அதனைச் செய்தோரின் அறிவுக்கு அது நாம் செய்யும் மரியாதையே. ஆயினும் மூன்று நியமங்களைக் கைக்கொள்க. பிறருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தால் வாங்கற்க. விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று கையில் வைத்துக்கொள்ளாமல் வாங்கற்க. விற்பவரோடு தொடர்பில்லாத, அவ்வகை வண்டியை அறிந்த ஒருவர் சோதிக்கு முன் முன்பணமும் கொடுக்கற்க. இவற்றுக்கு உட்பட்டு வரும் வண்டி ஒரு நாள் வரும். அதுவரை பொறுத்தல் நன்று.

கண்ணபுரத்துச் சந்தைக்கு வரும் குடியானவர், மனத்துக்குப் பிடித்த காளை கிடைக்கவில்லையாயின் வெறுங்கயிற்றோடு வீடு திரும்புவதை இழிவாகக் கருதுவதில்லை. அடுத்த ஆண்டும் சந்தை கூடும் என்பதை அவர் அறிவார். நம் மாணவரும் அன்று வெறுங்கையோடுதான் திருப்பூர் திரும்பினார். அவ்வாண்டுத் தீபாவளிக்கு அவருடைய ஆட்கள் அனைவரும் போனஸ் பெற்றனர் என்றறிந்து மகிழ்ந்தோம்.