விட்டத்தைக் கொத்தும் மரங்கொத்தி... பறவையை விரட்டும் முன் மரத்தைத் தட்டிப் பாருங்கள்!

விடிந்ததும் தாழ்வாரத்தில் 'டொக்... டொக்...' என்று சத்தம். போய்ப் பார்த்தால் கைமரத்தில் புதிதாக நாலு ஓட்டை, கீழே சிதறிய மரச்சில்லுகள். ஓட்டு வீடும் கூரைக் கொட்டகையும் உள்ள ஊர்களில் இது பழகிய தொல்லைதான். கல்லெறிந்தால் பறந்து போகும். அரை மணி நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும். பையன்கள் உண்டிவில்லைத் தேடுவார்கள். ஆனால், மரங்கொத்தி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பெரும்பாலும் அந்த மரத்துக்குள் அதற்கு இரை இருக்கிறது. பறவை போட்ட ஓட்டையைவிட, உள்ளே இருக்கும் புழு போட்ட ஓட்டைதான் வீட்டுக்கு ஆபத்து.

நம் ஊர்த் தோப்புகளில் அதிகம் தென்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. முதுகு பொன் மஞ்சள், தலையில் சிவப்புக் கொண்டை, மைனாவைவிடச் சற்றுப் பெரிய உருவம். அலகால் தட்டிப் பார்த்து, உள்ளே பொந்து இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளும். பிறகு துளைபோட்டு, நீண்ட நாக்கை உள்ளே விட்டுப் புழுவை இழுத்துத் தின்னும். எறும்பும் வண்டுப் புழுக்களும் இதன் முக்கிய உணவு. தோட்டக்காரருக்கு இது கூலி வாங்காத வேலையாள்.

எதற்காகக் கொத்துகிறது?

ஓட்டையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஒழுங்கில்லாத சின்னச் சின்ன ஓட்டைகள், மரத்தின் நீளவாக்கில் வரிசையாக இருந்தால், அது இரை தேடிக் கொத்தியது. உள்ளே புழு குடைந்த பாதையைத் தொடர்ந்தே பறவை கொத்தியிருக்கும்.

கைமுட்டி நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரே பொந்து இருந்தால், அது கூடு. பிப்ரவரி முதல் ஜூலை வரை இது கூடு கட்டும் பருவம்.

ஓட்டையே இல்லாமல், தகரத்திலோ காய்ந்த மரத்திலோ தொடர்ந்து படபடவென்று தட்டினால், அது எல்லையை அறிவிக்கவும் இணையை அழைக்கவும் எழுப்பும் சத்தம். மரத்துக்குச் சேதமில்லை, தானாகவே நின்றுவிடும்.

உள்ளே இருப்பது யார்?

முதல் ஆள், ரீங்காரத்தோடு வட்டமடிக்கும் பெரிய கருவண்டு. தச்சு வண்டு என்றும் சொல்வார்கள். உண்மையில் இது தேனீ இனம். காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும், துளைக்கருவி போட்டதுபோல ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலத்தில் வட்டத் துளையிடும். கொஞ்சம் உள்ளே போனதும் துளை திரும்பி, மரத்தின் நீளவாக்கில் ஓடும். அதற்குள் மகரந்தத்தைச் சேர்த்து, அறை அறையாக முட்டையிடும். கொழுத்த அந்தப் புழுக்கள் மரங்கொத்திக்கு விருந்து. ஆனால் எருக்கு, அகத்தி, சணப்பை போன்ற செடிகளின் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பதும் இதே கருவண்டுதான். ஆகவே, கொல்ல வேண்டாம். வீட்டு மரத்திலிருந்து வெளியேற்றினால் போதும்.

இரண்டாவது, மரத்தை உளுக்கச் செய்யும் சிறு வண்டுகள். குண்டூசித் தலை அளவில் துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் இவற்றின் வேலை. மூன்றாவது கறையான். சுவரோரம் மண் பூசிய பாதையைக் கொண்டு அறியலாம்.

பனஞ்சட்டத்தில் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்திருக்கும். உள்பக்கச் சோற்றுப் பகுதி மென்மையானது. அதைச் சரியாகச் செதுக்கி எடுக்காமல் போட்ட சட்டத்தில் பூச்சி எளிதாக இறங்கும். மூங்கிலை வெட்டியதும் சில வாரங்கள் குளத்தில் ஊறப்போடும் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. மூங்கிலில் உள்ள மாவுச்சத்து கரைந்து போனால், வண்டு அவ்வளவாக நாடாது.

முதல் வேலை: தட்டிப் பார்ப்பது

சுத்தியலால் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்லத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பயமில்லை. வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். விரல் நீளத்துக்குச் சுலபமாக இறங்கினால், அந்த மரம் பாரம் தாங்காது. குறிப்பாக விட்டமும், சுவரில் உட்காரும் முனைகளும் அப்படி இருந்தால், முட்டுக்கொடுத்துவிட்டு உடனே தச்சரை அழையுங்கள். மழையில் நனைந்து ஓட்டின் கனம் கூடும் முன் மாற்றிவிடுவது நல்லது.

கெட்டியான மரத்துக்கு வைத்தியம்

* கருவண்டுத் துளையில் காகித உருண்டையை லேசாகச் செருகி வையுங்கள். ஒன்றிரண்டு வாரம் அசையாமல் இருந்தால் பெரிய வண்டு உள்ளே இல்லை என்று பொருள். பிறகு, மரத்தூளை மரப்பசையில் குழைத்து அடையுங்கள். பெரிய ஓட்டைக்கு மர ஆப்பு அடித்து மேலே பூசுங்கள்.

* 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, காய்ந்த, பெயின்ட் இல்லாத மரத்தில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. கையுறை அவசியம். கரைசலைக் குழந்தைகளும் மாடுகளும் நெருங்காதபடி வையுங்கள்.

* மழை படும் இடத்தில் இந்தக் கரைசல் கரைந்துவிடும். ஆகவே மேலே பெயின்டோ வார்னிஷோ அடிப்பது கட்டாயம். கொட்டகை மரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். அது தோலைப் பொசுக்கும் என்பதால் வெறும் கையால் தொடக் கூடாது.

* வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிக்கொல்லியை வீட்டுக் கூரையில் அடிக்காதீர்கள். கீழே படுப்பவர்கள் மீதும், தானிய மூட்டை மீதும்தான் அது இறங்கும்.

பறவைக்கு மாற்று இடம்

மரத்தைச் சரிசெய்த பிறகும் பழக்கத்தில் சில நாள் வரும். கொத்தும் இடத்தில் தகரத் துண்டு அடிக்கலாம். அல்லது மரத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, தொய்வில்லாமல் வலை கட்டலாம். பளபளக்கும் நாடாவும் பழைய சிடியும் ஆரம்பத்தில் பலன் தரும். பழகிவிட்டால் பறவை பொருட்படுத்தாது. அதனால் வந்த முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.

வேலியோரத்துக் காய்ந்த முருங்கையையும் வாகைக் கிளையையும் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டால், பறவைக்கு மிஞ்சுவது வீட்டு விட்டம்தான். வீட்டிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு காய்ந்த மரங்களை விட்டுவையுங்கள். மக்கிய தென்னையை மட்டும் விடக் கூடாது. அது காண்டாமிருக வண்டுக்கு இடமாகிவிடும்.

பொந்தில் முட்டையோ குஞ்சோ இருந்தால் கைவைக்காதீர்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். அதன் பிறகு அடைக்கலாம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மரங்கொத்தியைக் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம்.

தென்னந்தோப்புக்கும் இதே பாடம்தான். மரங்கொத்தி ஒரே தென்னையைச் சுற்றிச் சுற்றிக் கொத்தினால், தண்டில் ஓட்டையோ, பழுப்பு நிறச் சாறு வடிதலோ, மென்ற நார்த் துணுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சிவப்புக் கூன்வண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த மரத்தை அன்றைக்கே கவனித்தால், பக்கத்து மரங்களைக் காப்பாற்றிவிடலாம்.