காலையில் சாஞ்சி, மாலையில் பாரத் பவன்

போபாலில் ஒரே ஒரு நாள் கையில் இருக்கிறதா? இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு இடங்களை அதற்குள் பார்க்கலாம், எதை விட்டுவிடுவது என்று தெரிந்தால்.

சென்னைக்கும் தில்லிக்கும் ரயிலில் போய்வரும் தமிழர்களில் பலர் சாஞ்சியைப் பார்த்திருக்கிறார்கள், அது சாஞ்சி என்று தெரியாமலே. போபாலைத் தாண்டி விதிஷாவை நெருங்கும்போது பாதைக்கு அருகே ஒரு தாழ்வான குன்று வரும். உச்சியில், கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு கல் மேடு. நெடுந்தூர எக்ஸ்பிரஸ்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. ஜன்னலோரத்தில் இருப்பவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் குன்று பின்னால் போய்விடும். 2017ல் வெளியான 200 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பதும் இதே மேடுதான்.

இறங்கிப் பார்க்க நினைப்பவர்கள் போபாலில் இறங்குவதே வசதி. அங்கிருந்து சாஞ்சி சுமார் 46 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். போகிற வழியில் கடக ரேகை சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்கென்று அடையாளப் பலகை வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் உடன் வந்தால் இங்கே ஐந்து நிமிடம் போகும், தடுக்க முடியாது.

திட்டம் போடுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். போபாலின் கலைக்கூடமான பாரத் பவனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சாஞ்சி குன்றின் அடிவாரத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஸ்தூபிகள் இருக்கும் வளாகம் மட்டும் எல்லா நாளும், சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை திறந்திருக்கும். பாரத் பவனோ பருவத்தைப் பொறுத்துப் பிற்பகல் ஒரு மணி அல்லது இரண்டு மணிக்குத்தான் கதவைத் திறக்கிறது. முதல் முறை போகிறவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால் நாளை யாரோ நமக்காகவே இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது போலத்தான்: காலை இடிபாடுகளுக்கு, மாலை ஓவியங்களுக்கு.

எனவே காலை ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவது உத்தமம். போபால்காரர்களின் காலை உணவு போஹாவும் ஜிலேபியும். நம் அவல் உப்புமாவோடு இனிப்பைச் சேர்த்துத் தின்பது போல. வழியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சீக்கிரம் போகச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமல்ல (ஏப்ரல், மே மாதங்களில் போவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்). பெரிய ஸ்தூபியின் கிழக்கு வாயிலில் காலை வெளிச்சம் நேராக விழுகிறது. சிற்பத்தின் ஆழம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

புத்தர் சாஞ்சிக்கு வந்ததே இல்லை. அவர் வாழ்வின் எந்த நிகழ்ச்சியும் இங்கே நடக்கவில்லை. அசோகரின் மனைவி தேவி பக்கத்து ஊரான விதிஷாவின் வணிகர் மகள் என்றும், அவர் மகன் மகிந்தர் இலங்கைக்குப் புறப்படுமுன் தாயைக் காண இங்கே வந்தார் என்றும் இலங்கையின் மகாவம்சம் சொல்கிறது. கி.மு. 3ம் நூற்றாண்டில் அசோகர் எழுப்பிய செங்கல் ஸ்தூபியைப் பிற்காலத்தில் கல்லால் மூடி ஏறத்தாழ இரு மடங்காகப் பெரிதாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது 36 மீட்டருக்கும் அதிகமான விட்டமும் 16 மீட்டருக்கும் அதிகமான உயரமும் கொண்டது. நான்கு தோரண வாயில்கள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கிழக்கு வாயிலின் நடு விட்டத்திலிருந்து தொடங்குங்கள். சித்தார்த்தன் அரண்மனையை விட்டு வெளியேறும் காட்சி. குதிரை இருக்கிறது, அதன் மேல் குடை இருக்கிறது, சவாரி செய்பவர் இல்லை. அதே குதிரை திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் இரண்டு பாதச் சுவடுகளுக்கு முன் நின்று, பிறகு தனியே திரும்புகிறது. புத்தரை மனித உருவில் காட்டாத காலம் அது. தெரியாமல் பார்த்தால் குதிரைக் கூட்டம். தெரிந்து பார்த்தால், ஆளில்லாத அந்தக் குடையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

அங்கிருந்து வலமாகச் சுற்றித் தெற்கு வாயிலுக்கு வர வேண்டும். பெரும்பாலான பயணிகள் இங்கே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சாஞ்சியில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். இடதுபக்கத் தூணில் ஒரு சிறு பிராகிருத வாசகம் இருக்கிறது. இந்தச் சிற்ப வேலையை விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் செய்தார்கள் என்கிறது அது. யானைத் தந்தத்தில் நுணுக்கமாகச் செதுக்கிப் பழகிய கைகள் கல்லுக்கு வந்திருக்கின்றன. மேல் விட்டத்தில் இன்னொரு வாசகம்: இது சாதகர்ணி மன்னரின் சிற்பிகளுக்குத் தலைவரான ஆனந்தனின் தானம். இந்த வாயிலுக்கு ஒரு சோகமும் உண்டு. சரிந்து கிடந்ததை 1880களில் தூக்கி நிறுத்தியபோது மேல் விட்டத்தையும் கீழ் விட்டத்தையும் முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டார்கள். வேலைப்பாடு மிகுந்த பக்கம் இன்றும் உள்நோக்கித்தான் இருக்கிறது. எனவே வாயிலைக் கடந்த பிறகு ஒருமுறை திரும்பி அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்.

தானம் என்னும் திறவுகோல்

சாஞ்சியின் கல் வேலியிலும் நடைபாதைக் கற்களிலும் நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள் உள்ளன. பேரரசர்களின் மெய்க்கீர்த்திகள் அல்ல. இன்ன ஊர், இன்ன பெயர், தானம், அவ்வளவுதான். வணிகர்கள், எழுத்தர்கள், நெசவாளர், இல்லத்தரசிகள், பிக்குகள், அவர்களோடு ஏராளமான பிக்குணிகள். ஆளுக்கு ஒரு கல், ஒரு குறுக்குச் சட்டம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

கல்கத்தாவில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப்பிடம் இவற்றின் படிகள் போய்ச் சேர்ந்தபோது அந்த எழுத்தைப் படிக்க யாருமில்லை. சிறு வாசகங்கள் பலவும் ஒரே மாதிரியான இரண்டு எழுத்துகளில் முடிவதை அவர் கவனித்தார். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் கடைசியில் எழுதக்கூடிய சொல் என்னவாக இருக்கும்? தானம். 1837ல் பிராமி எழுத்தின் பூட்டு திறந்தது இந்தச் சாவியால்தான். அசோகரின் சாசனங்கள் பேசத் தொடங்கின. மதுரைப் பக்கத்துச் சமணக் குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் பின்னால் படிக்க முடிந்ததற்கும் மூலம் இதுவே. அந்த வகையில் மாங்குளத்துக் கல்வெட்டு சாஞ்சியின் சாதாரண ஜனங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

நீங்களே தேடிப் பார்க்கலாம். தலைகீழாக நிறுத்திய ஆங்கில 'டி' போன்ற எழுத்து 'ந'. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் 'நம்'. வேலியின் தூண்களில் வரிகள் முடியும் இடத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு தானத்தையாவது கண்டுபிடித்துவிடுவீர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு வழிகாட்டியின் அரை மணி நேரப் பேச்சைவிட இது பிடிக்கும்.

தெற்கு வாயில் அருகே அசோகர் தூணின் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் கரும்பாலைக்காக அதை உடைத்தார் என்கிறார்கள். வெளிநாட்டு அதிகாரிகளும் தங்கள் பங்குக்குச் செய்தார்கள். 1818ல் ஜெனரல் டெய்லர் இடிபாடுகளைப் பற்றி வெளியுலகத்துக்குச் சொன்ன நான்காவது ஆண்டில், புதையல் தேடி ஸ்தூபியின் ஒரு பக்கத்தையே பிளந்தார்கள். பிறகு கிழக்கு வாயிலைப் பெயர்த்துக்கொண்டு போக பிரெஞ்சுக்காரர்கள் போபால் ஆட்சியாளர் ஷாஜஹான் பேகத்திடம் அனுமதி கேட்டார்கள். ஆங்கிலேயர்களுக்கும் அதே ஆசை. கடைசியில் இரு தரப்பும் பிளாஸ்டர் வார்ப்புகளோடு திருப்தி அடைந்தன. அவருக்குப் பின் வந்த சுல்தான் ஜஹான் பேகம் பராமரிப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் பணம் கொடுத்தார். 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் ஸ்தூபியை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தார். பௌத்த ஸ்தூபி, முஸ்லிம் அரசிகள், ஆங்கிலேய அதிகாரி. இந்தியாவில் எது எப்படிப் பிழைக்கிறது என்று சொல்ல முடியாது.

மற்றவற்றில், 5ம் நூற்றாண்டுக் குப்தர் காலச் சிறு கோயிலைக் கட்டாயம் பாருங்கள்: தட்டைக் கூரை, நான்கு தூண்கள், அவ்வளவே. மேற்குச் சரிவில் இறங்கினால் இரண்டாம் ஸ்தூபி. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். அடிவார அருங்காட்சியகத்தில் அசோகர் தூணின் சிங்கத் தலை இருக்கிறது. பதினொன்றரைக்குள் இவை முடிந்துவிடும். பத்து கிலோமீட்டரில் விதிஷா, அதையடுத்து உதயகிரிக் குகைகள், கிரேக்கத் தூதர் ஹெலியோடோரஸ் நிறுத்திய கருடத் தூண் என்று டாக்ஸி டிரைவர் ஆசை காட்டுவார். எல்லாமே அருமையான இடங்கள். ஆனால் அங்கே போனால் பாரத் பவனுக்கு அரை மணிதான் மிஞ்சும். பீம்பேட்கா பாறை ஓவியங்களோ போபாலுக்கு நேர் எதிர்த் திசையில். அவற்றுக்கு இன்னொரு நாள்.

மாலையின் பெயர்கள்

போபாலுக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டுப் போனால் பாரத் பவன் திறந்திருக்கும். பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது. சார்லஸ் கொரியா அதை மேட்டிலிருந்து ஏரியை நோக்கிப் படிப்படியாக இறங்கும்படி அமைத்தார். நம் தலைக்கு மேல் அல்ல, காலுக்குக் கீழே விரியும் கட்டடம். 1982 பிப்ரவரி 13 அன்று இந்திரா காந்தி திறந்து வைத்தார்.

இங்குள்ள ரூபங்கர் கலைக்கூடத்தை உருவாக்கியவர் ஜே. சுவாமிநாதன். தமிழ்க் குடும்பத்தில், 1928ல் சிம்லாவில் பிறந்தவர். பத்திரிகையாளர், ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட், பிறகு பறவையும் மலையும் மரமுமாக வரைந்த ஓவியர். தமிழ்நாட்டில் இவர் பெயர் இன்றும் போதிய அளவு தெரியாதது வருத்தம்தான். அதுவரை பழங்குடிகளின் ஓவியம் என்றால் இன்ன இனம், இன்ன மாவட்டம் என்ற சீட்டோடு மானுடவியல் அலமாரிக்குப் போகும். செய்தவர் பெயர் இருக்காது. சுவாமிநாதன் இளம் ஓவியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்ததை நகரத்து ஓவியர்களின் படைப்புகள் இருக்கும் அதே கூரையின் கீழ், சமகாலக் கலை என்று சொல்லி, வைத்தார்.

அப்படிப் படான்கட் கிராமத்தில் கண்ணில் பட்டவர் ஜன்கட் சிங் சியாம். இருபது வயதையொட்டிய இளைஞர், பர்தான் கோண்ட் இனத்தவர். பர்தான்கள் 'பானா' என்னும் நரம்புக் கருவியை இசைத்துக் கோண்டுகளின் குலக் கதைகளைப் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு உடனே பாணர் நினைவு வரும். பெயர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதாமல் இருந்தால் சரி. பாட்டில் இருந்த தெய்வங்களையும் விலங்குகளையும் ஜன்கட் புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் தாளுக்குக் கொண்டுவந்தார். 1989ல் பாரிசின் பாம்பிடு மையத்தில் நடந்த கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. உறவினர்கள் அவரைப் பார்த்து வரையக் கற்றார்கள்; அந்தப் பாணிக்கே 'ஜன்கட் கலம்' என்று பெயர் வந்தது.

2001ல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில் ஜன்கட் தற்கொலை செய்துகொண்டார். நாற்பது வயதுதான். பெயர் கிடைத்தது, அந்தப் பெயரைச் சுமக்கும் மனிதருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்ற கேள்வி கலையுலகில் அப்போது எழுந்தது. அவர் ஓவியங்களின் முன் நிற்கும்போது இன்றும் அது மனதை விட்டுப் போவதில்லை.

பூரி பாயின் கதை வேறு மாதிரி. ஜாபுவா மாவட்டத்து பீல் பெண்ணான இவர் பாரத் பவன் கட்டப்பட்டபோது அங்கே கூலி வேலை செய்தவர். ஊர்ப்பக்கம் என்ன வரைவீர்கள் என்று சுவாமிநாதன் விசாரித்து, காகிதத்தையும் வண்ணத்தையும் கையில் கொடுத்தார். தான் கட்டிய கட்டடத்தின் சுவரிலேயே பிறகு இவர் ஓவியம் தொங்கியது. 2021ல் பத்மஸ்ரீ.

ரூபங்கரில் நகரத்துக் கலைக்கு ஒரு கூடம், பழங்குடிக் கலைக்கு ஒரு கூடம் என்று இருப்பதை வைத்து, அப்படியானால் சமத்துவம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ஓவியத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகாமல் பக்கத்தில் உள்ள பெயர்ச் சீட்டையும் படியுங்கள். காலையில் தூண் தூணாகத் தேடியதும் அதைத்தானே.

பழங்குடி அருங்காட்சியகமும் மானவ் சங்கிரகாலயமும் இதே சியாமளா குன்றுப் பகுதியில்தான் உள்ளன. ஒரே மாலையில் மூன்றையும் அடக்க முயன்றால் எதுவும் நினைவில் நிற்காது. அதைவிட, பாரத் பவனின் நாடக அரங்கில் அன்று நிகழ்ச்சி உண்டா என்று விசாரிக்கலாம். இல்லையென்றால் ஏரியைப் பார்த்த படிகளில் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கலாம். இரவு ரயில் பிடிப்பவர்கள் ஸ்டேஷனுக்குப் போக ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். டிக்கெட்டில் இருப்பது போபால் ஜங்ஷனா, 2021ல் ராணி கமலாபதி என்று பெயர் மாறிய பழைய ஹபீப்கஞ்சா என்று ஆட்டோவில் ஏறுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.