ஐந்தொகையில் இடம்பெறாத சொத்து

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடியும் தறுவாயில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, "ஐயா, காஞ்சிபுரம் பட்டு என்ற பெயர் நமக்கே உரியது என்று சர்க்காரில் பதிவாகியிருக்கிறதாமே? அப்படியானால் அந்தப் பெயரை வங்கியில் ஈடு வைத்து, பாவு நூல் வாங்கக் கடன் பெறலாமா?" என்று வினவினார். சிலர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. பெயர் என்பது சொத்தா, சொத்தாயின் அதில் முதலிடுவது எங்ஙனம் என்ற பெரிய விஷயம் அந்தச் சிறு வினாவில் அடங்கியிருந்தது.

அவர் குறிப்பிட்டது புவிசார் குறியீடு ஆகும். இதற்கான சட்டம் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவகம் நமது சென்னையிலேயே உள்ளது. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் 2005-06இல் பதிவாயின. ஈரோடு மஞ்சள் 2019இல் இடம்பெற்றது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பெரியவரின் வினாவுக்குச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தெளிவாக விடை கூறுகிறது. புவிசார் குறியீட்டின் உரிமையை விற்கவோ, பிறருக்கு எழுதி வைக்கவோ, குத்தகைபோல் அனுமதி அளிக்கவோ, ஈடு வைக்கவோ இயலாது. ஆனால், பதிவு பெற்ற பயனர் ஒருவர் காலமானால் அவரது உரிமை அவர்தம் வாரிசைச் சேரும். கோயில் நிலத்தைப் போன்றது அது என்று நாம் விளக்கினோம். விளைச்சலை அனுபவிக்கலாம், நிலத்தை விற்க முடியாது. மற்றொன்றையும் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். ஊரின் பெயர் பதிவாகிவிட்டதாலேயே அவ்வூர் நெசவாளர் ஒவ்வொருவரும் பதிவு பெற்ற பயனராகிவிடுவதில்லை. தனித்தனியே விண்ணப்பித்தல் அவசியம். இதனைச் செய்யாத அங்கத்தினர் பலரை நாம் கண்டிருக்கிறோம்.

விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய பெயர் ஒன்றும் உண்டு. அதுதான் சங்கத்தின் சொந்த வணிகக் குறி. இதனைப் பிறர்க்கு எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் பெற்று அனுமதி வழங்கலாம். இதுவும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தக்கதே. பதிவு செய்துவிட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாது கிடப்பில் போட்டால், அதை நீக்குமாறு பிறர் கோரவும் இடமுண்டு. ஊர்ப் பெயர் வாடிக்கையாளரை ஊருக்கு அழைத்து வரும். எந்தக் கடையின் படியேறுவது என்பதை அவருக்குச் சொல்வது இந்தக் குறிதான்.

இவ்விடத்தில் நாம் கண்ட வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறொரு சங்கம் பறவை உருவம் பொறித்த சீட்டொன்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் சேலைகளில் ஒட்டி விற்று வந்தது. பதிவு செய்யும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. ஒரு நாள், வெளியூர் வியாபாரி ஒருவரின் வழக்கறிஞரிடமிருந்து அறிவிப்பு வந்தது. அதே உருவத்தை அவர் தம் பெயரில் பதிவு செய்துகொண்டாராம். சங்கம் அதனைப் பயன்படுத்துதல் கூடாதாம்! முன்னரே தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரைத் தடுக்கப் பதிவு பெற்றவருக்கு உரிமையில்லை என்பது சட்டம். ஆயின் அதை மெய்ப்பிக்க வேண்டுமே. சங்கத்தின் பில் புத்தகங்களைப் புரட்டினால் பக்கத்திற்குப் பக்கம் "பட்டுச் சேலை 1" என்றே கண்டிருந்தது. குறியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. முடிவில் பழைய ரசீதுக் கட்டொன்றில், சீட்டு அச்சிட்ட அச்சகத்தின் தேதியிட்ட பில் மாதிரிச் சீட்டுடன் அகப்பட்டது. அதைக் கொண்டே சமரசம் ஏற்பட்டது. வழக்குக்கான செலவு அவ்வாண்டின் போனஸைத் தின்றுவிட்டது.

சங்கங்கள் ஏன் இவ்வாறு அசட்டையாக இருக்கின்றன? இதற்குக் காரணம் சோம்பல் அன்று என்பது நமது கருத்து. ஐந்தொகையைப் பாருங்கள். தறி, கட்டடம், நூல் இருப்பு யாவும் சொத்துப் பக்கத்தில் உள்ளன. சங்கம் தானே வளர்த்த பெயரைச் சொத்தாகக் காட்டக் கணக்கியல் விதி இடம் தருவதில்லை. பிறரிடம் விலைக்கு வாங்கிய பெயரை மட்டுமே காட்டலாம். ஆகவே குறிக்கெனவும் விளம்பரத்துக்கெனவும் செலவிடும் பணம் பெரும்பாலும் அவ்வாண்டின் செலவாகவே எழுதப்பட்டு, இலாபத்தைக் குறைத்துக் காட்டுகிறது. பங்காதாயத்தை எதிர்நோக்கும் அங்கத்தினர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. தணிக்கை செய்யும் நம்மைப் போன்றோரும் இச்செலவைக் கண்டதும் சிவப்பு மையைத் தேடியதுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனி, சேலையின் வடிவம். புதிய வடிவங்களை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தால் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன் பொருள் கடைக்கு வந்துவிட்டால் அது "புதியது" என்ற தகுதியை இழக்கும். ஆகவே முதலில் விண்ணப்பம், பின்னரே விற்பனை. அன்னமும் யாளியும் ருத்திராட்சமும் நம் முன்னோர் நெய்தவை. அவற்றை எவரும் புதியன என்று பதிய இயலாது. ஒரு பருவத்தோடு மறையும் கரை வடிவங்களுக்கெல்லாம் பணம் கட்டுவது வீண். பல ஆண்டு விற்கும் என்று தோன்றும் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு மஞ்சளின் கதை நினைவிருக்கலாம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு அதனை எதிர்த்தது. பாட்டிமார் அறிந்த வைத்தியம் என்று வாயால் சொன்னது போதவில்லை. பழைய நூல்களும் அச்சிட்ட ஆய்வுக் கட்டுரைகளும் காட்டப்பட்ட பின்னரே 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. அங்கும் வென்றது எழுத்துச் சான்றுதான். அச்சகத்து பில்லைப் போல. விதையைப் பொறுத்தவரை 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவர்க்கு அனுகூலமானது. பாதுகாக்கப்பட்ட ரகமாயினும் உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். வணிகப் பெயரிட்ட விதையாக மட்டும் விற்றல் கூடாது.

பதிவினால் ஆகாத காரியமும் ஒன்றுண்டு. வெளியார் போலி செய்தால் சட்டம் துணை நிற்கும். நம்மவரே போலி ஜரிகை இட்டு அசல் ஜரிகையின் விலையை வாங்கினால், பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்தும் பயனில்லை.

பெரியவர் வினவிய சங்கத்தில் அன்றே தீர்மானம் ஒன்று வந்தது. பங்காதாயத்தைச் சிறிது குறைத்துக்கொண்டு, வணிகக் குறியைப் பதிவு செய்யவும், அங்கத்தினர் அனைவரையும் புவிசார் குறியீட்டின் பயனராகப் பதிவு செய்யவும் தொகை ஒதுக்கலாமா என்பது. விவாதம் சூடாகவே நடந்தது. மகளுக்குத் திருமணம் வைத்திருந்த ஒருவர் பங்காதாயத்தில் கை வைக்கலாகாது என்றார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சொற்ப வாக்குகளில் தீர்மானம் நிறைவேறியது. மூன்று மாதம் கழித்து நாம் மீண்டும் சென்றபோது, பில் புத்தகத்தில் சேலையின் எண்ணுக்கு அருகே குறியின் பெயரையும் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.